பெட்டியும் பெட்டிக்குள் ஒரு பெட்டியும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கணிப்பொறி வாங்கப் புறப்படுகிறவரிடம் எதை வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். செயலியின் பெயரைச் சொல்வார். நினைவகம் எத்தனை என்பார். திரை எத்தனை அங்குலம் என்று கையை விரித்துக் காட்டுவார். இவற்றையெல்லாம் சுமக்கப்போகும் தகரப் பெட்டி எது, இவற்றுக்கெல்லாம் சோறு போடப்போகும் மின்வழங்கி எது என்று கேட்டால் ஒரு கணம் விழிப்பார். “அது கடைக்காரரே போட்டுக் கொடுத்துவிடுவார்” என்பது பதிலாக வரும். கல்யாணத்துக்குப் பந்தலும் சமையலும் தவிர மற்ற அனைத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவரைப் போல!

மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டபோது, வரலாற்று மாணவனாகிய நான் ஏதேனும் ஒரு கோட்டையைப் பற்றியோ கல்வெட்டைப் பற்றியோ எழுதுவேன் என்றே நண்பர்கள் நினைத்திருப்பார்கள். நானோ எங்கள் வீட்டு மேசைக்கு அருகில் நிற்கும் ஒரு கறுப்புப் பெட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டேன். கோட்டைகளைப் பற்றி எழுத ஆளிருக்கிறது. பெட்டிக்கு யார் இருக்கிறார்கள்?

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் அந்தப் பெட்டி முழுவதையுமே ‘சி.பி.யூ.’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் அந்தப் பெயருக்கு உரியது உள்ளே இருக்கும் தீப்பெட்டியைவிடச் சிறிதே பெரிய செயலி மட்டுந்தான். வெறும் பெட்டிக்குக் கடை வழக்கில் ‘கேபினட்’ என்று பெயர். மின்வழங்கிக்கு ‘எஸ்.எம்.பி.எஸ்.’. கடையில் கேட்கிற பெயர்களாலேயே நானும் எழுதுகிறேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

எங்கள் வீட்டில் கணிப்பொறி பொழுதுபோக்குச் சாதனம் அன்று. அது அடுப்பைப் போன்றது. என் அக்கா வீட்டிலிருந்தபடியே காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் ஆகியவற்றுக்கு வடிவமைப்புச் செய்து கொடுக்கிறாள். சிவகாசிக்கு அச்சுத் தொழில் வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐயநாடாரும் சண்முகநாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது; லேபிளுக்காக அச்சு வளர்ந்தது; பின் பட்டாசுக்கும் லேபிள், காலண்டருக்கும் படம் என்று ஊரே அச்சகமாயிற்று. முன்னாளில் கல்லிலும் பின்னர் பிலிமிலும் நடந்த வேலை இன்று கோரல் டிராவிலும் போட்டோஷாப்பிலும் நடக்கிறது. அந்த வேலையின் ஒரு சிறு துளி எங்கள் வீட்டு நடு அறையில் நடக்கிறது.

இந்தத் தொழிலுக்கு ஒரு பருவம் உண்டு. ஆடிப் பதினெட்டில் புதிய ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்று தொடங்கி மார்கழி வரை வேலைக்குக் குறைவிராது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அக்கா எப்போது தூங்குகிறாள் என்று எங்களுக்கே தெரியாது. வடகிழக்குப் பருவமழையும் இடியும் மின்னலும், ‘போனது வந்தது’ மின்சாரமும் சரியாக இந்த மாதங்களைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கின்றன!

2022 ஐப்பசியில், தீபாவளி கழிந்த வாரம், ஒரு மழை இரவில் மின்சாரம் மூன்று முறை போய் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது ‘டப்’ என்று ஒரு சத்தம். வெளித் திண்ணையில் படுத்திருந்த அப்பா எழுந்து ஓடிவந்தார். அவர் பட்டாசு ஆலையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறவர். எந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டியதில்லை என்று அவர் காதுக்குத் தெரியும். கருகிய வாசனையை முகர்ந்தவர் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகுதான் “யாருக்கும் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார்.

யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணிப்பொறி போயிற்று. இரண்டாம் கையாக வாங்கியது. எஸ்.எம்.பி.எஸ். எரிந்ததோடு நின்றிருந்தால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயோடு போயிருக்கும். அது போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அந்த டிஸ்க்கில் முப்பத்தொரு காலண்டர் வடிவமைப்புகள் இருந்தன. அவற்றில் பன்னிரண்டு மட்டும் மின்னஞ்சலில் ஏற்கெனவே போயிருந்தன. மீதிப் பத்தொன்பதையும் வேறொருவர் கணிப்பொறியில், அவர்கள் தூங்கும் நேரத்தில் அமர்ந்து, அக்கா மீண்டும் முதலிலிருந்து செய்தாள். ஒரு அச்சகம் வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டது. அந்த ஆண்டு கார்த்திகைக்கு எங்கள் வீட்டில் புதுத்துணி இல்லை என்பதைச் சொன்னால் கதை போல இருக்கும்; ஆனாலும் அதுதான் நடந்தது.

பழுது பார்க்கும் அண்ணன் எரிந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து காட்டினார். உள்ளே அட்டையில் சில பாகங்களுக்கான இடம் அச்சிடப்பட்டிருந்தது, பாகங்கள் இல்லை. மின்சாரம் நுழையும் வாயிலில் இருக்க வேண்டிய வடிகட்டிச் சுருளுக்குப் பதிலாக ஒரு சிறு கம்பித் துண்டைப் பற்றவைத்து இணைத்திருந்தார்கள். வீட்டுக்கு வாசல் வைத்துக் கதவு வைக்காமல் விட்டது போல. வெளியே ஒட்டியிருந்த தாளில் மட்டும் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்து.

அன்றுதான் எனக்கு இந்தப் பொருளின்மேல் ஓர் ஆர்வம் பிறந்தது. அடுத்த ஏழு மாதங்கள் பணம் சேர்ப்பதிலும், நான் இதைப் பற்றிப் படிப்பதிலும் கழிந்தன. நம் கல்லூரி இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவர், வரலாற்று மாணவன் என்று ஒதுக்காமல், மாலை வேளைகளில் பொறுமையாக விளக்கினார்.

நம் இயற்பியல் ஆய்வகத்தில் பாட்டரி எலிமினேட்டர் இருக்கிறதே, அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? சிறியதாக இருந்தாலும் கனக்கும். உள்ளே இரும்புத் தகடுகள் அடுக்கிய மின்மாற்றி. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிப்பது. அவ்வளவு மெதுவான அலையைக் குறைத்துக் கொடுக்கப் பெரிய மின்மாற்றி தேவை. எஸ்.எம்.பி.எஸ். வேறு தந்திரம் செய்கிறது. வருகிற 230 வோல்ட்டை முதலில் நேர்மின்சாரமாக்கிவிடுகிறது. அப்போது அது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அவ்வளவு வேகமாக வெட்டும்போது எலுமிச்சம்பழ அளவு மின்மாற்றியே போதும். அதிலிருந்து 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறது. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது அதற்குள் இருந்த மின்வழங்கியின் திறன் 63.5 வாட். ஒரு பழைய குண்டு பல்பின் அளவு! இன்று சில கணிப்பொறிகளில் ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டுமே அதைப்போல் நான்கைந்து மடங்கு கேட்கிறது.

இதில் நம் ஊருக்கு முக்கியமானது இடையில் இருக்கும் மின்தேக்கி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் போன்றது அது. குழாயில் தண்ணீர் நின்றாலும் தொட்டியில் இருப்பது வரை வீட்டுக்குள் வரும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்தத் தொட்டி, முழுச் சுமையிலும் நொடியின் ஆயிரத்தில் 16, 17 பங்கு நேரம் தாக்குப் பிடிக்கும். இது ஒரு நேரமா என்று சிரிக்கலாம். ஆனால் மின்சாரம் நின்றதும் சாதாரண யூ.பி.எஸ். விழித்துக்கொண்டு பாட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் ஆயிரத்தில் 4 முதல் 10 பங்கு. தொட்டி பெரிதாயிருந்தால் அந்த இடைவெளியைக் கணிப்பொறி உணர்வதே இல்லை. தொட்டியில் கஞ்சத்தனம் செய்திருந்தால், யூ.பி.எஸ். இருந்தும் கணிப்பொறி அணைந்துவிடும். “யூ.பி.எஸ். போட்டும் ஆஃப் ஆகுது” என்று பலர் யூ.பி.எஸ்.ஸைத் திட்டுகிறார்களே, பல நேரம் குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறான்.

வெப்பமும் இந்தத் தேக்கிகளுக்குப் பகை. பத்து டிகிரி வெப்பம் குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது ஒரு பொதுவான கணக்கு. 85 டிகிரிக்குச் செய்தவை உண்டு, 105 டிகிரிக்குச் செய்தவை உண்டு. குளிர்நாட்டுக்காரனுக்கு இரண்டும் ஒன்றாக இருக்கலாம். சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரைக்குக் கீழே வேலை செய்யும் எங்களுக்கு ஒன்றல்ல.

சரி, படித்தாயிற்று. பணம்? சீட்டு எடுத்ததில் ரூ.25,000. அப்பாவின் போனஸில் மீதம் வைத்தது ரூ.10,000. அக்காவின் கையில் ரூ.7,000. ஆக நாற்பத்திரண்டாயிரம். கடையில் விசாரித்தபோது கேபினட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சேர்த்தே ரூ.1,900-க்குக் கிடைக்கும் என்றார்கள். நான் எழுதிக் கொண்டுபோன பட்டியலிலோ அவை இரண்டுக்கும் ரூ.7,500. வீட்டில் வழக்கு மன்றம் கூடியது.

“பெட்டி படம் வரையுமா?” என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த ஐயாயிரத்து அறுநூறு ரூபாயைச் சேர்த்தால் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம். படங்கள் விரைவாகத் திறக்கும். “டப்புன்னு போச்சே, அது எதுனால போச்சு?” என்றேன் நான். அவள் பதில் சொல்லவில்லை. சமாதானம் ஆகவும் இல்லை.

வழக்கைத் தீர்த்து வைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, விருதுநகரில் எண்ணெய்க் கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கிறவர். விருதுநகர் வியாபாரிகள் சரக்கைப் பார்க்கும் விதம் தனி. மல்லியாகட்டும், மிளகாய் வற்றலாகட்டும், கையில் அள்ளி, முகர்ந்து, எடை பார்த்து, அதன் பிறகே விலையைப் பேசுவார்கள். கணிப்பொறியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எரிந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை வாங்கி, ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“இதென்ன மாப்பிள்ளை, 450-ன்னு பெரிசாப் போட்டிருக்கான். கீழ கட்டம் கட்டமாப் பொடி எழுத்துல என்னமோ இருக்கே?”

அதுதான் விஷயமே. அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 12 வோல்ட்டுக்கு நேரே 15 ஆம்பியர் என்றிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 180 வாட். மற்றதெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் எழுதிக் கூட்டப்பட்ட கணக்கு. பழைய காலக் கணிப்பொறிகள் அந்தக் குறைந்த வோல்ட்டுகளில் நிறைய எடுத்தன. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய மாற்றங்களுக்குப் பின் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்தே உண்கின்றன. ஆகவே 12 வோல்ட்டில் எவ்வளவு என்பதே உண்மையான கொள்ளளவு. நான் பட்டியலில் எழுதியிருந்த 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலோ அந்தக் கட்டத்தில் 36 ஆம்பியர். பெருக்கினால் 432 வாட்.

கேட்டுவிட்டு மாமா அக்காவைப் பார்த்துச் சொன்னார்: “மூட்டையில சரக்கு எவ்வளவு, சாக்கு எவ்வளவுன்னு பார்க்காம விலை பேசலாமா தாயி? இதுல பாதிக்கு மேல சாக்குல்ல இருக்கு!”

அக்கா சிரித்துவிட்டாள். கிராபிக்ஸ் கார்டு பட்டியலிலிருந்து நீங்கியது. செயலிக்குள்ளேயே ஓரளவு படம் காட்டும் திறன் அமைந்திருப்பதால் இப்போதைக்கு அதுவே போதும் என்று முடிவாயிற்று.

அதே மாமா என் நண்பன் ஒருவனின் யோசனையையும் ஒரே வரியில் முடித்தார். வாங்குவதுதான் வாங்குகிறாய், 750 வாட்டாக வாங்கு என்றான் அவன். எங்கள் கணிப்பொறி எல்லாம் சேர்த்து 150 வாட் எடுக்கும். பின்னால் நடுத்தரக் கார்டு ஒன்று சேர்த்தாலும் 250-ஐத் தாண்டாது. “ரெண்டு மூட்டைக்குப் பத்து டன் லாரி எதுக்கு?” என்றார் மாமா. எஸ்.எம்.பி.எஸ். தன் திறனில் ஏறத்தாழ பாதிச் சுமையில் ஓடும்போதுதான் வீணாவது மிகக் குறைவு என்பது நூலிலும் இருக்கிறது. மாமா நூல் படித்தவரல்லர்.

வீணாவது என்றேன். ‘80 பிளஸ்’ என்று ஒரு முத்திரை 2004 முதல் வழங்கப்படுகிறது. உள்ளே வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் வெளியே கொடுக்கிறது என்பது அதன் அடிப்படைப் பொருள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டு. வெண்கலப் படியில் பாதிச் சுமையில் நூற்றுக்கு 85. முத்திரையில்லாத ஒன்று எழுபதுதான் தருகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். 150 வாட் வேலைக்கு அது 214 வாட் இழுக்கும்; வெண்கலம் 176. நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்றால் இரண்டு மாத மின்கணக்கில் 27 யூனிட் வித்தியாசம். அதைவிடப் பெரிய சங்கதி, வீணாகும் அந்த மின்சாரம் முழுவதும் பெட்டிக்குள்ளேயே வெப்பமாக மாறுகிறது என்பது. ஆனால் இந்த முத்திரையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அது சிக்கனத்துக்குச் சான்றிதழ், பாதுகாப்புக்கு அன்று. வோல்ட் எகிறினால், சுமை மிஞ்சினால், எங்கேனும் கம்பிகள் ஒட்டிக்கொண்டால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடுகள் உள்ளனவா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப் பணியகத்தின் பதிவெண் இருக்கிறதா என்று பார்த்தேன். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பார்த்தேன், ஐந்து ஆண்டு. ஓராண்டு மட்டும் கொடுக்கிறவன் தன் சரக்கைப் பற்றி நம்மைவிட நன்றாக அறிந்தவன்.

இனிப் பெட்டிக்கு வருகிறேன்.

கடையில் கேபினட்டுகளை அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்தால் கோயில் கொடை நினைவுக்கு வந்தது. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிமாறி எரியும் விசிறிகள். கல்யாண வீட்டுச் சீரியல் செட்டைப் பெட்டிக்குள் அடைத்து விற்கிறார்கள்! பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கம் கண்ணாடியால் மூடிவிட்டால் விசிறி எங்கிருந்து காற்றை இழுக்கும்? ஓரத்தில் ஒரு விரற்கடைச் சந்து விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னது போல.

இந்த இடத்தில் அப்பாவின் கண் உதவியது. பட்டாசு ஆலை அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சிறு சிறு அறைகள், ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். நெருக்கமும் அடைப்புமே விபத்துக்கு வித்து என்ற பாடத்தை இந்த மாவட்டம் எத்தனையோ உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறது, இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் அப்பா ஒவ்வொரு பெட்டியையும் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: “வழி எங்க இருக்கு?”

வழி இருந்த பெட்டியையே எடுத்தோம். முன்பக்கம் முழுதும் வலைத்தகடு. முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சற்று மிகுதியாக இருந்தால் பெட்டிக்குள் காற்று கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். அப்போது சந்து பொந்துகளின் வழியாகக் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே வராது. வருகிற காற்றெல்லாம் முன்பக்க வடிகட்டி வழியாகவே வந்தாக வேண்டும். எங்கள் தெருவுக்கு இது மிக அவசியம். இந்தப் பக்கம் கரிசல் மண். கோடையில் அது மாவாகப் பறக்கும். அந்தப் பக்கம் ஆப்செட் அச்சகம். அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கத் தூவுகிற வெண்பொடியும் தாள் தூசும் அங்கிருந்து வரும். வடிகட்டியைக் காந்தப் பட்டையால் ஒட்டியிருந்தார்கள். இழுத்தால் கையோடு வந்தது. கழற்ற முடியாத வடிகட்டியை யாரும் கழுவப்போவதில்லை என்பதால் இதையும் கவனித்தேன்.

அளவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதர்போர்டுகளின் அளவுகள் 1995-இல் வந்த ஏ.டி.எக்ஸ். என்ற ஒழுங்கின்படி அமைந்தவை. முழு அளவு 305-க்கு 244 மில்லிமீட்டர். அடுத்த சிறிய அளவு 244-க்கு 244. எங்களுடையது சிறியது. ஆனாலும் பெரிய போர்டும் பொருந்தும் பெட்டியாக வாங்கினோம். போர்டு மாறும், செயலி மாறும். பெட்டி பத்தாண்டு நிற்கும். எஸ்.எம்.பி.எஸ். அடியில் அமரும் அமைப்பு. அதன் விசிறி தரைப்பக்கமிருந்து தனியாகக் காற்று எடுக்கும், அதற்கும் ஒரு வடிகட்டி. ஆகவே பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு மணைப் பலகைமேல் ஏற்றி வைத்திருக்கிறோம். தகட்டின் கனம் பார்க்க விரலால் நடுவில் அழுத்தினேன்; குழியவில்லை. உள் விளிம்புகளைத் தடவினேன், மடித்து விட்டிருந்தார்கள். மலிவுப் பெட்டிகளின் விளிம்பு கையைக் கிழிக்கும். பழைய பெட்டியில் அந்த அனுபவம் அக்காவுக்கு உண்டு.

வாங்கிவந்து பூட்டுவதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. அதை வற்புறுத்தியவர் அப்பாதான். பழைய கணிப்பொறியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று ஒரு கூச்சம் இருக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். கணிப்பொறி என்றால் அப்படித்தான் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் உள்ள வடிகட்டியிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்று பெட்டியின் தகட்டுக்கு வந்து, எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. எர்த் இல்லாவிட்டால் அது தகட்டிலேயே நின்றுகொள்கிறது. தகடு 115 வோல்ட் அளவில் மிதக்கிறது. மூன்று துளைப் பிளக்கில் மேல் துளை இருப்பதாலேயே அதற்குப் பின்னால் எர்த் இருக்கிறது என்று பொருளாகாது. எங்கள் வாடகை வீட்டில் அந்தத் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை!

அப்பாவின் ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன் உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பில் ஏறியிருக்கும் மின்னேற்றத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அலுமினியப் பொடியும் வெடியுப்பும் இருக்குமிடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். “மண்ணுக்கு வழி விடாத எதையும் நான் வீட்டுக்குள்ள ஓட விட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி, கம்பி இழுத்தோம். ரூ.2,800 ஆயிற்று. கணக்கில் இல்லாத செலவு; அம்மா அரிசிப் பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்காரர் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தம் வீட்டு மோட்டாருக்கும் அதிலிருந்தே ஒரு கம்பி இழுத்துக்கொண்டார்.

2023 வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டினோம். முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தனியாகச் சோதித்தேன். 24 முனை இணைப்பியில் ‘தொடங்கு’ என்று சொல்லும் முனையையும் அதற்கு அடுத்த தரை முனையையும் ஒரு காகிதக் கிளிப்பால் இணைத்தால் அது ஓடத் தொடங்கும். ஆய்வகத்திலிருந்து ஒரு நாளைக்கு மட்டும் என்று வாங்கிவந்த மல்டிமீட்டரில் 12 வோல்ட் கம்பி 12.1 காட்டியது. ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது விதி, அதாவது 11.4 முதல் 12.6 வரை. பாகங்களைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் பெட்டியின் தகட்டைத் தொட்டுவிட்டுத் தொட்டோம். இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்பாவே நினைவக அட்டையைச் செருகினார், பாறையில் வெடி வைக்கிற நிதானத்தோடு.

எல்லாம் முடிந்து பொத்தானை அமுக்கினோம். எஸ்.எம்.பி.எஸ். உடனே மதர்போர்டை எழுப்பிவிடுவதில்லை. தன் வோல்ட்டுகள் நிலைபெற்றனவா என்று அரை நொடிக்குள் பார்த்து, ‘எல்லாம் நலம்’ என்று ஒரு சைகை அனுப்பிய பிறகே செயலி கண் விழிக்கிறது. அந்த அரை நொடியில் எங்கள் வீட்டில் ஐந்து பேரும் மூச்சுவிடவில்லை. பிறகு திரையில் எழுத்து வந்தது. அக்கா முதலில் செய்த காரியம், யூ.பி.எஸ்.ஸுக்குப் போகும் சுவிட்சை அணைத்ததுதான். மலிவான யூ.பி.எஸ்.ஸின் படிக்கட்டு போன்ற அலையைப் புதிய எஸ்.எம்.பி.எஸ். சில ஏற்றுக்கொள்ளாமல் முரண்டு பிடிப்பதுண்டு என்று நான் படித்துச் சொல்லியிருந்தேன். யூ.பி.எஸ். ‘கீச்’ என்றது. திரை அசையவில்லை. மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். ஏழெட்டு முறை செய்த பிறகு அம்மா, “போதும்டி, புதுசு” என்றாள்.

அதன் பின் மூன்று காலண்டர் பருவங்கள் போய்விட்டன. 2025 ஐப்பசியில் ஒரு நாள் தெருவில் வோல்ட்டேஜ் ஏறி இரண்டு வீட்டில் டியூப் லைட்டும் ஒரு வீட்டில் டி.வி.யும் போயின. எங்கள் பெட்டி தானே நின்றுவிட்டது. பின்னாலிருக்கும் சுவிட்சை அணைத்து, சற்று நேரம் விட்டு, அடுத்த நாள் காலையில் போட்டபோது ஒன்றும் நடவாதது போல ஓடியது. அன்றைய வேலையும் அழியவில்லை. ஏனென்றால் அக்கா இப்போது ஒவ்வொரு இரவும் ஒரு நகலை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுகிறாள். எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அதற்கு ஈடில்லை என்பது அவள் கட்சி. நான் மறுப்பதில்லை.

மாதம் ஒரு முறை வடிகட்டியைக் கழுவுவது என் பங்கு. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாகத் தூசி வரும், கரிசலும் அச்சகமும். பங்குனி, சித்திரையில் எர்த் குழி காய்ந்துவிடாமல் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலைதான். குடிக்கத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் நான் குழிக்குள் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி, “அங்க என்னப்பா நட்டு வச்சிருக்க?” என்று கேட்டார். இப்போது பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுகிறேன்.

உத்தரவாதச் சீட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியில் நகை அடகுச் சீட்டுகளோடு பத்திரமாக இருக்கிறது. 2028 வரை செல்லும். கிராபிக்ஸ் கார்டுக்கான இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. வருகிற ஆடிக்குள் வாங்கிவிட வேண்டும் என்கிறாள் அக்கா. விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.